ஆல்ஃபுக்கு வைத்த தட்டு

ஹோரஸ் டார்டாஃப் இறந்த மறுநாள் லண்டன் பத்திரிகை ஒன்றில் அவரைப் பற்றி நாலு வரி போட்டிருந்தார்கள். பிறந்த ஊர் தப்பு. வயது தப்பு. 'சின்னத்திரையில் நமக்குப் பழகிய முகம்' என்று முடித்திருந்தார்கள். பழகிய முகமாம். அவ்வளவு பழக்கம் என்றால் எந்த ஊர்க்காரர் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே, பிராட்ஃபோர்டு என்ன சந்திரனிலா இருக்கிறது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பூனை வெளிக்குப் போகும் தட்டில் விரித்துவிட்டேன். அந்தக் காகிதத்துக்கு அதுதான் சரியான உபயோகம்.

அவர்கள் எழுதாததை நான் சொல்கிறேன். என் பெயர் பெரில் கிளெக். 'ஸ்லேட்டர் தெரு' தொடரில் ஃப்ளீஸ் என்கிற பப்பை நடத்திய மாட்ஜ் நான்தான். என் கவுண்டரின் வலது மூலையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, அரை கிளாஸ் பீரை வைத்துக்கொண்டு, எதிராளியின் முகத்தைப் பார்க்காமலே டாமினோ ஆடி ஜெயிப்பார். தொடரில் அவர் பெயர் ஆல்ஃப், அந்த ஆல்ஃப்தான் எங்கள் ஹோரஸ். பத்தொன்பது வருஷம் அதே ஸ்டூல். வாரத்துக்கு ஒரு வசனம் கிடைத்தால் பெரிய விஷயம்.

ஹோரஸ் பதிமூன்று வயதில் கம்பளி ஆலைக்குப் போனவர். சேப்பல் என்கிற எங்கள் சின்னத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை நாடகம் போடுவார்கள், அதில் தொற்றிய வியாதி. ஆலையை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். வாரத்துக்கு ஒரு புது நாடகம். ராத்திரி ஒன்றில் நடித்துவிட்டுக் காலையில் அடுத்ததற்கு ஒத்திகை. ஈரப் படுக்கையும் வேகாத முட்டைக்கோசும் கொடுத்து வாடகை வாங்கும் வீட்டுக்காரிகள். ஹாலிஃபாக்ஸ், ஸ்கார்பரோ, மறுபடி ஹாலிஃபாக்ஸ். அதற்கப்புறம் டெலிவிஷன் வந்தது.

டெலிவிஷனில் அவருக்குக் கிடைத்தவை எல்லாம் கதவுப் பக்கத்து வேஷங்கள். 'எல்லாரும் கலைஞ்சு போங்க' என்று சொல்லும் போலீஸ்காரர். 'வண்டி வந்திருக்குங்க' என்று சொல்லும் பட்லர். 'எங்களால முடிஞ்சதைச் செஞ்சுட்டோம்' என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றும் டாக்டர். இதில் என்ன நடிப்பு என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒருநாள் கேமரா முன்னால் நிறுத்தி 'வண்டி வந்திருக்குங்க' என்று சொல்லச் சொல்ல வேண்டும், வண்டவாளம் தெரிந்துவிடும். ஹோரஸ் அந்தப் போலீஸ்காரருக்குக் காலில் ஆணி என்று முடிவு பண்ணிக்கொள்வார். யாரிடமும் சொல்ல மாட்டார். ஆனால் அவர் நிற்கிற நிற்பைப் பார்த்தால் போதும், வேலை முடிந்து இந்த மனுஷன் வெந்நீரில் காலை வைக்கப் போகிறான் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காட்சியின் கதாநாயகன் யாரென்று எனக்கு இன்று ஞாபகம் இல்லை, ஆணிக்கால் ஞாபகம் இருக்கிறது.

தெருவில் அவரை எல்லோருக்கும் தெரியும், யாரென்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஒருமுறை பஸ்ஸில் ஒரு அம்மாள் வாடகையை ஏற்றியதற்காக அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். போன வாரம் ஏதோ நாடகத்தில் வீட்டுச் சொந்தக்காரராக வந்திருந்தார். ஹோரஸ் தொப்பியைக் கழற்றி, "அடுத்த மாசத்துலேந்து குறைச்சுக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அவர் வாழ்க்கையில் ஒரு பழைய ரணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. வட இங்கிலாந்தில், எங்கள் பக்கத்தில், ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தால் வந்தவர்களுக்கு ஹாம் வைக்க வேண்டும். வேகவைத்த பன்றித் தொடைக்கறி, கையகலத் துண்டுகளாக, கொழுப்போடு. ரொட்டி, தொட்டுக்கொள்ள அரைத்த கடுகு, டீ. மற்றதெல்லாம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 'அவனை ஹாமோட புதைச்சாங்க' என்றால் மனுஷனுக்கு மரியாதை நடந்தது என்று அர்த்தம். ஹாம் இல்லையென்றால் அந்தக் குடும்பம் அதற்கப்புறம் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஹோரஸின் அப்பா இறந்தது ஆலைகள் படுத்துக் கிடந்த வருஷம். வீட்டில் ரொட்டியும் ஜாமும்தான் வைக்க முடிந்தது. கீத்லியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மேஜையைப் பார்த்தார்கள், போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பிப் போனார்கள். "உங்கப்பன ஜாமோட புதைச்சீங்க" என்று ஒரு அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். கேன்டீனில் ஹாம் போடும் நாளெல்லாம் ஹோரஸ் இதைச் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். தட்டில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்க மாட்டார்.

இப்போது டொமினிக் ஃபேன்ஷாவுக்கு வருகிறேன்.

புதுத் தயாரிப்பாளர் என்று லண்டனிலிருந்து அனுப்பினார்கள். முப்பது வயசு இருக்கும். கழுத்து மூடிய ஸ்வெட்டர், மழையில் போட்டால் பாழாய்ப் போகிற மாதிரி மென்தோல் ஷூ. எங்கள் ஸ்டூடியோ இருந்த லீட்ஸில் யாராவது அப்படி ஷூ போடுவார்களா? வந்த முதல் வாரமே தொடருக்குப் புது ரத்தம் வேண்டும் என்றான். புது ரத்தம் என்றால் பழைய ரத்தத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே.

எங்கள் தொழிலில் வேலை போவதை யாரும் நேரில் வந்து சொல்வதில்லை. திங்கட்கிழமை அவரவர் பெயர் எழுதிய மர அடுக்கில் வசனக் கட்டு கிடக்கும். எடுத்துப் படித்தால் நீங்கள் செத்திருப்பீர்கள். அந்தத் திங்கட்கிழமை ஒத்திகைக் கூடத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஹோரஸ் கட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பெரில், கடைசிக் காட்சியப் பாத்தியா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"நான் செத்துட்டேன். நீதான் சொல்ற."

பார்த்தேன். மாட்ஜ், கிளாஸைத் துடைத்தபடி: 'பாவம், நம்ம ஆல்ஃப் தூக்கத்துலயே போயிட்டாராம்.' அடுத்த வசனம், கவுண்டருக்கு வரும் ஒரு வாலிபன்: 'அப்படியா? ரெண்டு பீர் குடுங்க.' அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வாலிபனும் அவன் காதலியும் மோட்டார்பைக் வாங்குவதைப் பற்றி மூன்று பக்கம் பேசுகிறார்கள். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்த மனுஷனை விட ஒரு மோட்டார்பைக் பெரிசாகப் போய்விட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வாயாலேயே வேறு சொல்ல வேண்டுமாம்.

"நான் சொல்ல மாட்டேன். வேற யாரையாவது வெச்சு சொல்லிக்கட்டும்" என்றேன்.

"நீயே சொல்லும்மா. வேற யார் சொன்னாலும் கெடுத்துடுவாங்க" என்றார் ஹோரஸ்.

அவரை இழுத்துக்கொண்டு ஃபேன்ஷாவின் அறைக்குப் போனேன். அவன் எழுந்து நின்று கையெல்லாம் குலுக்கினான். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

"வசனம் ஒண்ணும் கேக்கலைங்க" என்றார் ஹோரஸ். "ஒரே ஒரு காட்சி. ஆட்டத்த முடிச்சுட்டு, தொப்பிய மாட்டிக்கிட்டு, மாட்ஜப் பாத்து ஒரு தலையாட்டு. கதவத் தொறந்து போயிடறேன். அதுக்கப்புறம் அவன் எங்க வேணா சாகட்டும்."

"ஹோரஸ், உங்க உணர்வு எனக்குப் புரியுது" என்றான். "ஆனா தொடருக்கு ஒரு வேகம் வேணும். விடைபெறுறது, சாவு வீடு, கண்ணீர், இதெல்லாம் இழுத்துடும். உண்மையச் சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது. யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க."

ஹோரஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மாடிப்படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் ஐவியைப் பற்றிச் சொன்னார்.

ஐவி அவர் மனைவி. ஆலைத் தூசி நெஞ்சில் தங்கி, அந்தக் குளிர்காலம் முழுக்க பிராட்ஃபோர்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வார்டுக்கு ஒரே ஒரு டெலிவிஷன். 'ஸ்லேட்டர் தெரு' வரும் நாளில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்களாம், முடியாதவர்களுடைய கட்டிலை நர்ஸுகள் திருப்பி வைப்பார்களாம். 'அது என் வீட்டுக்காரர்' என்று ஐவி வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"தயாரிப்பாளர் மாறிட்டாரு, யாரையோ அனுப்பப் போறாங்கன்னு பேப்பர்ல வந்ததும் பயந்துட்டா" என்றார் ஹோரஸ். "ஆல்ஃப அப்படி சும்மா அனுப்பிட மாட்டாங்க, முறையாத்தான் செய்வாங்கன்னு நான் வாக்குக் குடுத்துட்டேன். நாடே பாக்குதேன்னு சொன்னேன். இப்ப அவ அத்தனை பொம்பளைங்க நடுவுல உக்காந்துக்கிட்டு, 'ரெண்டு பீர் குடுங்க'ன்னு கேக்கணும்." மூக்கைச் சிந்திக்கொண்டார். "எங்கப்பாவுக்கும் ஹாம் இல்ல, ஆல்ஃபுக்கும் இல்ல. குடும்ப வழக்கம்னு வெச்சுக்க வேண்டியதுதான்."

அதைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. நேராக லென் மர்கட்ராய்டிடம் போனேன். செட்டில் வைக்கும் கிளாஸ், தட்டு, மேஜைத் துணி எல்லாம் லென் பொறுப்பு. எட்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள்.

"லென், வெள்ளிக்கிழமை கவுண்டர்ல ஆல்ஃபோட மூலையில ஒரு தட்டு ஹாம் வேணும்."

"வசனக் கட்டுல இல்லையே."

"தெரியும்."

லென் காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை எடுத்தான், மறுபடி வைத்தான். "எலும்போட வாங்கறேன். டப்பால அடைச்சதெல்லாம் வேணாம்."

எங்கள் ஆட்களிடம் நான் ஒரு வார்த்தை சொன்னேன், அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை. ஹோரஸிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தக் காட்சியில் அவருக்கு வேலை இல்லையே, செத்தவரை எதற்கு அழைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை கேமரா ஒத்திகை. நாங்கள் கீழே செட்டில், ஃபேன்ஷா மேலே கண்ணாடி அறையில் திரைகள் முன்னால். காலியாகக் கிடந்த ஸ்டூலுக்கு நேரே, கவுண்டரில், வெள்ளைத் துணி விரித்து லென் தட்டை வைத்தான். இளஞ்சிவப்பாக, ஓரத்தில் வெள்ளைக் கொழுப்போடு, அடுக்கடுக்காக ஹாம். பக்கத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டி. மேலேயிருந்து ஒலிபெருக்கியில் ஃபேன்ஷாவின் குரல் வந்தது.

"அந்த மூலையில என்ன தட்டு?"

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காலம் பூரா டெலிவிஷனில் இருந்துவிட்டு, ஒரு தட்டுக்காக நான் இப்படிப் பயந்தது அன்றைக்குத்தான்.

"சாண்ட்விச்சுக்கு ஹாம்" என்றான் லென்.

"நல்லாருக்கே. நிஜ பப் மாதிரி இருக்கு. இருக்கட்டும்."

அவனுக்குத் தெரியவில்லை. வடக்கே ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைக்குக்கூடத் தெரிகிற சங்கதி, எங்களைப் பற்றித் தொடர் எடுக்க வந்த மகராசனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் அவன் அறியாமைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்தக் காலத்தில் டேப்பை வெட்டி ஒட்டுவது பெரிய செலவு. ஆரம்பித்தால் ஒரே ஓட்டமாக எடுத்து முடிப்பார்கள். எடுத்தோம். ஒரு வசனத்தைக்கூட மாற்றவில்லை. நான் கருப்பு உடையில் இருந்தேன், மாட்ஜ் கருப்பு போடக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கிளாஸைத் துடைத்தபடி, "பாவம், நம்ம ஆல்ஃப் தூக்கத்துலயே போயிட்டாராம்" என்றேன். தட்டை வாலிபன் பக்கம் நகர்த்தினேன். அந்த வேஷத்தில் நடித்தவன் எங்கள் பக்கத்து வேக்ஃபீல்டு பையன். தொப்பியைக் கழற்றினான். ஒரு துண்டு ஹாமை எடுத்தான். "அப்படியா?" என்று மெதுவாகச் சொல்லி, காலி ஸ்டூலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பீர் குடுங்க" என்றான். அதே வசனம்தான். அவன் சொன்னதைக் கேட்டால் யாருக்கோ பிரார்த்தனை சொல்வது போல இருந்தது. பின்னால் மோட்டார்பைக் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. பப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, தொப்பியைக் கழற்றி, ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தார்கள்.

அது ஒளிபரப்பான அன்று ஹோரஸோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் எலும்புதான் மிச்சம், நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"ஏன்யா இஞ்சி தின்ன மாதிரி மூஞ்சிய வெச்சுருக்க? சாகப் போறது ஆல்ஃபா, நீயா?"

"ஐவி, நான் சொன்ன மாதிரி நடக்கல. முன்னாடியே சொல்லிடறேன், அவங்க..."

"சும்மா இரு, ஆரம்பிச்சுட்டாங்க."

கடைசிக் காட்சி வந்தது. என் வசனத்தை நானே கேட்டேன். ஐவியின் கை போர்வை மேலே ஊர்ந்து வந்து ஹோரஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ஹோரஸ் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து வரப்போகும் 'ரெண்டு பீர்' அவர் காதில் விழுவதற்கு முன்னால் எதிர்க்கட்டில் கிழவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐவி. ஹாம் வெச்சிருக்காங்க."

ஹோரஸ் தலையைத் தூக்கினார்.

"கண்ணு இருக்குடி எனக்கு" என்றாள் ஐவி. "எலும்போட வாங்கி வெட்டினது, பாரு. கடுகு வெச்சிருக்காங்களா?"

"வெச்சிருக்கோம்" என்றேன். "தட்டுக்குப் பின்னால, கேமராவுல தெரியல."

வார்டில் ஒரு இருமல் இல்லை. ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிவிட்டு எடுப்பதை அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் உடைந்து கிடந்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹோரஸ் தன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினார், ஆல்ஃப் மாதிரியே. கண்ணீர் தாராளமாக ஓடியது, அவர் துடைக்கவில்லை.

"எங்கப்பாவுக்கும் சேத்து வெச்சுட்டீங்கம்மா" என்றார்.

மறுநாள் தொலைபேசிக்காரப் பெண்களால் சமாளிக்க முடியவில்லை. ஷெஃபீல்டிலிருந்து, ஹல்லிலிருந்து, நியூகாஸிலிலிருந்து. ஆல்ஃபை முறையாக அனுப்பிவைத்தீர்கள், நன்றி என்று சொல்வதற்காக ஜனங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரும் கவனிக்க மாட்டார்களாம். ஃபேன்ஷா என்ன செய்தான் தெரியுமா? 'நெடுநாள் திட்டமிட்டு நாங்கள் செலுத்திய மௌன அஞ்சலி' என்று பத்திரிகையில் பேட்டி கொடுத்தான். அதைக் காட்டிப் பரிசு வாங்கினான், லண்டனுக்குத் திரும்பிப் பெரிய பதவியில் உட்கார்ந்தான். ஹாம் என்றால் என்ன என்று எங்களிடம் அவன் கடைசிவரை கேட்கவே இல்லை.

ஹோரஸுக்கு அதற்கப்புறம் வேலை வரவில்லை. நாடே பார்க்க அடக்கம் பண்ணின மனுஷனை யார் போலீஸ்காரராகப் போடுவார்கள்? தெருவில் அவரைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள். "நான் வேறங்க, அவரு என்னை மாதிரி இருப்பாரு" என்று சொல்லிவிட்டு நடப்பார். ஐவி வசந்தத்தில் தேறி வீடு வந்தாள். டாக்டர்கள் ஆச்சரியப்பட்டார்கள், நான் படவில்லை. அவரும் அவளும் இன்னும் ஏழு வருஷம் இருந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டு, சௌக்கியமாக. அப்புறம் ஒருநாள் காலையில் டீ போட எழுந்த ஹோரஸ் சமையலறையில் விழுந்தார்.

அடக்கம் முடிந்து சேப்பலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் எல்லோரும் கூடினோம். ஹாமை ஐவியே வெட்டினாள், கத்தியை யாரிடமும் கொடுக்கவில்லை. அங்கே வந்து நின்றான் ஃபேன்ஷா. கருப்புக் கோட்டு, தலையில் நரை, அதே மாதிரி மென்தோல் ஷூ. ஆல்ஃபின் கடைசிக் காட்சியைத் தான் எப்படி வடிவமைத்தேன் என்று, யாரும் கேட்காமலே எழுந்து நின்று பத்து நிமிஷம் பேசினான். லென் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐவி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

பேச்சை முடித்துவிட்டு அவன் மேஜைக்கு வந்தான். ஐவி வெட்டி அடுக்கிய தட்டை நோக்கிக் கையை நீட்டினான். நான் தட்டை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பெரில்?" என்றான்.

"நீங்க எடுக்காதீங்க."

"ஒரு துண்டுதான். யாரும் ஒண்ணும்..." என்று சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"கவனிக்க மாட்டாங்களா?" என்றேன். "நான் கவனிப்பேன்."

ஃபேன்ஷா கையை எடுத்துக்கொண்டான். ஐவி கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தத் தட்ட லென் கிட்ட குடு பெரில்" என்றாள். கொடுத்தேன். லென் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான்.